பச்சை வட்டம்

கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். மங்கையர்க்கரசி மூடித்தான் வைத்திருந்தாள். மருந்து உள்ளே இறங்கித் தொண்டை வரைக்கும் கசந்தது. கண்ணில் ஊற்றினது தொண்டையில் எப்படிக் கசக்கும் என்பதற்குத் வீட்டுக்காரர் தணிகாசலம் இருந்திருந்தால் ஒரு விளக்கம் சொல்லியிருப்பார், சரியோ தப்போ, சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். மடியில் கைப்பை. பைக்குள் இரண்டு போன். ஒன்று அவளுடையது, இன்னொன்று அவருடையது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, போனை மட்டும் போகவிடாமல் சார்ஜ் போட்டு, மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணிப் பிடித்து வைத்திருக்கிறாள். கை தானாகப் பையின் ஜிப்பைத் திறந்தது. திறந்து என்ன பண்ண, கண்ணைத்தான் திறக்கக் கூடாதே. மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் விரல் மறுபடியும் ஜிப்பில் இருக்கிறது. சனியன் பிடித்த விரல். காலையில் முதலில் பார்த்த சின்ன டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு காஞ்சு கெடக்கும்மா, கண்ணச் சிமிட்டறதையே மறந்துட்டீங்க போலருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாப்பீங்க?” என்று கேட்டான். “எப்பவாச்சும்தான் தம்பி” என்றாள். அவன் சீட்டில் எழுதினான். எப்பவாச்சும்தான் என்று சொல்கிறவர்களை அவன் தினமும் நூறு பேரைப் பார்ப்பான் போலிருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன, சொட்டு மருந்து அதேதான். பார்த்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் பார்த்தது போகட்டும், பஸ்ஸில் அதைப் பார்த்திருக்கவே கூடாது.

பார்த்தது இப்படித்தான். லால்குடியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள், எப்போதும் போல. யாரோ ஒருத்தி அழுக்குக் கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறாள், கறுப்புத் தண்ணீர் ஓடி ஓடி அடியில் இருக்கிற சிவப்புப் பூ தெரிகிறது. எந்த ஊர் என்று தெரியாது, அவள் பெயர் தெரியாது, அந்தக் கம்பளம் வெளுத்தால் மங்கைக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் முழுசாக வெளுக்கிற வரைக்கும் பார்க்காமல் விட முடியாது. அது முடிந்தால் யானைக்குட்டி. யானைக்குட்டி முடிந்தால் தேங்காய் உரிக்கிறவன். நடுநடுவே வாட்ஸப் ஸ்டேட்டஸ் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை. நல்ல முகூர்த்த நாள், கல்யாணம் காதுகுத்து என்று இந்நேரம் கொட்டிக் கிடக்க வேண்டும், என்ன இன்றைக்கு எல்லோரும் சாமியாராகிவிட்டார்களா என்றுகூட நினைத்தாள். நினைத்தது இப்போது நினைவு வந்து நெஞ்சில் குத்துகிறது. கொள்ளிடம் பாலம் ஏறும்போது இன்றைக்கான டேட்டா தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. தினமும் வருகிறதுதான். தீர்ந்தால் கம்பளம், யானைக்குட்டி பார்க்க மட்டும் அவர் போனை எடுத்துக்கொள்வாள், அதில் ஸ்டேட்டஸ் பக்கம் போனதே இல்லை. எடுத்தாள். இன்றைக்கு விரல் தவறி ஸ்டேட்டஸ் பக்கம் போனது, அங்கே மூன்று பச்சை வட்டம், வரிசையாக. முதலாவது திலகா.

திலகவதி. கூடப்பிறந்த ஒரே தங்கை. தொட்டாள். தொடாமல் எப்படி இருப்பது, பச்சை வட்டம் தெரிந்தால் தொடுகிற விரல் அது. சின்ன மண்டபம், சிவப்பு நாற்காலி, நாற்காலியில் திலகாவின் மகள் சிந்துஜா. கன்னம் இரண்டிலும் சந்தனம், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், ஏழு மாத வயிறு பட்டுக்குள் அழகாக மேடிட்டிருந்தது. பக்கத்தில் திலகா கத்தரிப்பூ நிறப் பட்டில். முதல் ஒரு நொடி மங்கைக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் குட்டி எப்படி இருக்கிறாள் பார் என்றுதான் மனசு முதலில் ஓடியது. அப்புறம்தான் படத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்று இருந்ததைப் படித்தாள். அந்த ஒரு மணி நேரமும் தன் போன் தன் கையில்தானே இருந்தது. டேட்டாவும் இருந்தது. கம்பளம் வெளுத்ததெல்லாம் அப்போதுதானே. தன் போனுக்கு வராதது அவர் போனுக்கு எப்படி வந்தது என்று பாலம் முடிகிற வரைக்கும் யோசித்தாள். பாலம் முடியும்போது புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க அவள் ஒன்றும் அந்தக் குடும்பத்துக்குப் புதுசில்லை. சித்தி மகள் கோகிலா புது நெக்லஸ் வாங்கினால் நாத்தனாருக்கு மட்டும் மறைத்துத்தான் ஸ்டேட்டஸ் போடுவாள். யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் பெயருக்கு நேரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்த ஒருவரைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும். எப்படித் தட்டுவது என்று திலகாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே மங்கைதான். தன் பெயருக்கு நேரே அந்தத் தட்டு விழும் என்று நினைத்தாளா.

“ஏங்க, கண்ணு எரியுதுங்களா உங்களுக்கு?” என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். மருந்து ஊற்றுவதற்கு முன்னால் பார்த்த முகம்தான், மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருக்கிற அம்மாள், கூட மருமகள் அகல்யா. இப்போது அந்த அம்மாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள். “எரியத்தாங்க செய்யுது” என்றாள் மங்கை. “கூட யாரும் வரலீங்களா? மருந்து ஊத்துனா சாயங்காலம் வரைக்கும் மசமசன்னு இருக்கும். தனியாப் போகக் கூடாதும்பாங்க.” “தங்கச்சி வர்றதாத்தான் இருந்துச்சு. அவளுக்கு வீட்ல விசேஷம்.” விசேஷம் என்ற சொல் ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. “என்ன விசேஷங்க?” “மக மாசமா இருக்கு. வளைகாப்பு.” “என்னிக்கி?” “இன்னிக்கி.” மூடின கண்ணோடு ஒருத்தி யோசிப்பது கூடக் காதில் விழும் போலிருந்தது. “அப்ப நீங்க போவலியா?” “ஆஸ்பத்திரிக்குத் தேதி முன்னாடியே வாங்கிட்டோம்ல.” “தேதி கெடக்குது. நாளைக்கு வந்தா ஊத்த மாட்டேங்கிறாங்களா? அதுவும் வியாழக்கிழமை வந்து மாட்டுனீங்களே, வியாழக்கிழமைன்னா இங்க கொல்லுற கூட்டம். பெரிய டாக்டர் வர்ற நாளு.” தங்கையைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். கேட்டால் சிரிப்பு வருகிற விஷயம், அங்கே மண்டபத்தில் அவளை மறைத்துவிட்டு அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இங்கே முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் அவர்கள் மானத்தை இவள் மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை. அந்தச் சொல்லில் எங்கோ இடறியது, ஆனால் எங்கே என்று பிடிபடுவதற்குள் புளிக்காய்ச்சல் வந்து குறுக்கே நின்றது. இரண்டாவது படம் அதுதான். பஸ்ஸில் அதைப் பார்த்தபோது கட்டை விரலை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேட்டஸ் அப்படித்தான், விரலை எடுத்தால் ஓடிவிடும், அமுக்கிக்கொண்டே இருந்தால் அப்படியே நிற்கும். பெரிய பெரிய எவர்சில்வர் தூக்கில் தேங்காய்ச் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல், ஐந்தாவதாகப் புளியோதரை. கறுத்த புளியோதரை. வேர்க்கடலையைத் தோலோடு வறுத்துப் போட்டு, இறக்கும்போது துளி வெல்லம் போட்டு, எண்ணெய் பிரிகிற வரைக்கும் அடுப்படியை விட்டு நகராமல் கிண்டினால் மட்டும் வருகிற நிறம் அது. திலகாவுக்கு அந்த நிறம் வராது, அவளுக்குப் பொறுமை கிடையாது. போன வாரம் போனில், “அக்கா, சிந்து மாமியார் வீட்ல வளைகாப்பே வேணாம்னுட்டாங்க. டாக்டர் அலையக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். நான் மட்டும் அஞ்சு சாதம் கட்டி எடுத்துட்டுப் போயி, சும்மா ஒரு வாய் ஊட்டிட்டு வந்துர்றேன். உன் கையால கொஞ்சம் புளிக்காய்ச்சல் மட்டும் போட்டு அனுப்பேன். அவளுக்கு அதுதான் புடிக்கும்” என்றாள். ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு பெரிய பாட்டில் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. புளியைக் கரைத்து, மிளகாயைக் காம்பு கிள்ளி, உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போய்ச் செய்து, திலகா இருக்கிற புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவரிடம் சொல்லி அனுப்பினாள். அவள் கை வைத்த புளி மண்டபத்துக்குள் போகலாம். கை போகக் கூடாது. அதைத் தின்றவர்களில் ஒருத்தராவது, மங்கை செஞ்ச மாதிரியே இருக்கே என்று சொல்லியிருக்க மாட்டார்களா. சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வாங்கியிருப்பார்கள்.

நர்ஸ் வந்து மோவாயைத் தூக்கிப் பிடித்து இன்னொரு சொட்டு விட்டாள். “கையில என்னம்மா?” என்றாள். கையில் போன் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியாது. “உள்ள வைங்க. பாத்தாலும் எழுத்துத் தெரியாது இப்ப.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் மங்கைக்கு வகுப்பில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளே வைத்தாள். எப்போதிருந்து இப்படி ஆனோம். அவர் இருக்கும்போது போன் என்றால் பேசுவதற்கு, பேசி முடித்தால் அலமாரியில் கிடக்கும். அவர் போன பிறகு சாயங்காலம்தான் பெரிய பாடாகிப்போனது. மின்வாரியத்திலிருந்து வந்ததும் சைக்கிளைச் சாய்க்கிற சத்தம், காலைக் கழுவுகிற சத்தம், இன்றைக்கு எந்தத் தெருவில் எந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்கிற கதை, எல்லாம் ஒரேயடியாக நின்றுபோய், விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் சுவர் மூஞ்சியில் அடிக்கும். சிந்துதான், “பெரிம்மா, இதத் தள்ளித் தள்ளிப் பாருங்க, பொழுது போயிரும்” என்று ரீல்ஸைக் காட்டிக் கொடுத்தாள். போனது பொழுது. நன்றாகவே போனது. சோறு தீய்ந்தது, பால் பொங்கியது, பேச்சுத் துணைக்கு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு மனோன்மணி, இவள் முகத்தைத் தூக்கிப் பார்த்துப் பேசுவதில்லை என்று வருவதை நிறுத்திக்கொண்டாள். பரவாயில்லை என்றிருந்தது, ஏனென்றால் ஸ்டேட்டஸில்தான் எல்லோரும் இருந்தார்களே. காலையில் வாசலில் கோலம் போட்டு அதைப் படம் பிடித்துப் போடுவாள். போட்டுவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று திறந்து பார்ப்பாள். முதல் பெயர் எப்போதும் திலகா. காப்பி ஆறுவதற்குள் அவள் பெயர் வந்துவிடும். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் காப்பியே குடிப்பாள். தங்கை நம்மைப் பார்த்துவிட்டாள், நாள் தொடங்கலாம். இன்றைக்குக் காலையில்கூடப் போட்டாள், தாமரைக் கோலம். திலகா பார்த்தாள். மண்டபத்தில் வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே அக்காவின் கோலத்தையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு பூப்படம்கூட அனுப்பினாள்.

வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போயிருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். போயிருக்க மாட்டாள். அதுதான் வயிற்றெரிச்சல். தாலி இழந்தவள், வயிறும் திறக்காதவள், மங்கைக்குத் தன் இடம் தெரியாதா. இரண்டு வருஷமாக எந்தச் சபையில் எங்கே நிற்க வேண்டும், எப்போது சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே நின்று நகர்ந்து பழகிவிட்டாள். “நான் வரலடி, நீங்க நல்லபடியாப் பண்ணுங்க, குட்டிக்கு வளையலை மட்டும் கொடுத்தனுப்புறேன்” என்று அவளே சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதிருப்பாள். அழுதுவிட்டு ஸ்டேட்டஸில் பார்த்திருப்பாள். அந்த வரலடியைச் சொல்கிற உரிமையைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லையே. வரமாட்டேன் என்று சொல்வதற்கும் ஒருவர் கூப்பிட வேண்டியிருக்கிறது. மூன்றாவது படத்தில் பெரியம்மா முறைக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தவள் கோகிலா. சித்தி மகள். சிந்துவுக்குக் காய்ச்சல் வந்து துவண்டு கிடந்தபோது கோகிலா எங்கே இருந்தாள். திலகாவுக்குத் தர்மபுரிப் பக்கம் டீச்சர் வேலை கிடைத்து, இரண்டு வயசுக் குழந்தையைக் கொண்டுவந்து இவள் மடியில் போட்டுவிட்டுப் போனபோது, ஐந்து வயசு வரைக்கும் மூக்கைச் சிந்திவிட்டு, பேன் பார்த்து, முக்கொம்பு அணையில் அவர் தோளில் உட்கார்ந்து அந்தக் குட்டி ஆட்டம் போட்டபோது விழுந்துவிடுமோ என்று பக்கத்திலேயே நடந்து காலைப் பிடித்துக்கொண்டு, அப்போதெல்லாம் கோகிலா எங்கே இருந்தாள். முக்கொம்பில் ஒரு போட்டோக்காரன் அதைப் படம் எடுத்துக் கொடுத்தான். கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது சிந்து அதைப் போனில் எடுத்துக்கொண்டு போனாள். அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்.

இந்த வெட்கக்கேட்டை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் நடந்தது நடந்தது. திலகாவின் கடைசிப் படம் முடிந்ததும் அதுவாக அடுத்த ஆளின் ஸ்டேட்டஸுக்கு ஓடியது, கோகிலாவுடையது, அதே மண்டபம், அதே நாற்காலி. ஆக கோகிலாவும் மறைத்திருக்கிறாள். ஆக சொல்லி வைத்திருக்கிறார்கள். மங்கைக்கு மட்டும் தெரியாமப் போடுங்க என்று திலகா ஒவ்வொருத்தியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், அவர்களும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டுத் தட்டியிருக்கிறார்கள். யாருக்கும் செத்துப்போன மனுஷன் நினைவு வரவில்லை. செத்தவருக்கு யாராவது மறைப்பார்களா. கோகிலாவுடைய படங்களையும் மங்கை முழுசாகப் பார்த்தாள். விரல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி திலகாவுக்குப் போனாள். மறுபடி கோகிலா. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் எத்தனை தடவை பார்த்தாளோ. மூன்றாவது வட்டத்தை மட்டும் தொடவில்லை.

அப்போதுதான் வியாழக்கிழமை பிடிபட்டது. “வியாழக்கிழமை போக்கா, அன்னிக்கிக் கூட்டமே இருக்காது” என்றாள் திலகா. போனில் அவளே பேசித் தேதி வாங்கிக் கொடுத்தாள். “மருந்து ஊத்துவாங்க, அன்னிக்கிப் பூரா போனத் தொடாத. கண்ணுக்குக் கெடுதல். சாயங்காலமா நானே கூப்பிடுறேன்.” என்ன அக்கறை என்று அன்றைக்கு மங்கைக்குக் கண் கலங்கியது. கண்ணைக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறாள். அக்காவுக்கு விரல் சும்மா இருக்காது, யாராவது ஒருத்தி மறைக்க மறந்து போட்டுவிட்டாலும் பார்த்துத் தொலைப்பாள், அதற்கு ஒரே வழி கண்ணில் மருந்து. யோசித்துச் செய்திருக்கிறாள். டீச்சர் இல்லையா. மங்கைக்கு அழுகை வரவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் சாபம் விட்டிருப்பாள். இவளை என்ன சொல்லி வைவது, தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்கிறதே. சின்ன வயதில் இவள் செய்த தப்புக்கெல்லாம் அம்மாவிடம் அடி வாங்கினது நான்தானே என்று ஓடியது மனசு, ஓடிப்போய் இன்னொரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பார்த்தவர் பட்டியல். ஸ்டேட்டஸ் போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று திலகாவும் பார்ப்பாள், அந்தப் பழக்கம் அவளுக்கும் உண்டு, அக்கா கொடுத்த பழக்கம். அவள் போனில் இந்நேரம் அத்தான் என்று பெயர் வந்திருக்கும். சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற அந்தச் சின்னப் படமும் வந்திருக்கும். இந்த போன் உயிரோடு இருப்பது திலகாவுக்குத் தெரியாது. “செத்தவரு போனுக்கு எதுக்குக்கா ரீசார்ஜ், நம்பரத் திருப்பிக் குடுத்துரு” என்று ஒரு தடவை திட்டினாள். “குடுத்துட்டேன்” என்று சொல்லி வைத்திருந்தாள் மங்கை. ஆக இன்றைக்குத் திலகா பார்க்கப்போவது செத்துப்போன அத்தான் வந்து வளைகாப்பைப் பார்த்துவிட்டுப் போனதை. பயமாக இருந்தது. துரோகம் செய்தது அவர்கள், மாட்டிக்கொள்ளப் போகிறோமே என்று படபடப்பது இவள். நன்றாக இருக்கிறது நியாயம்.

“கண்ணத் தொறக்கலாம்மா, உள்ளேருந்து பேரு கூப்பிடுவாங்க” என்றாள் நர்ஸ். திறந்தாள். வெளிச்சம் கொட்டிக்கொண்டு வந்து கண்ணில் விழுந்தது. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் வெறும் வெள்ளையாக இருந்தது. பையைத் திறந்து அவர் போனை எடுத்தாள், கண் திறந்ததும் முதல் வேலை. திரையில் எல்லாம் கரைந்து கிடந்தது. தூர வைத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். பச்சையாக ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மூன்றாவது வட்டம் சிந்துவுடையது. சொல்லிவிட்டால் என்ன, சிந்துவுடையதுதான். அவள் போனிலும் பெரியம்மாவுக்கு நேரே ஒரு தட்டு விழுந்திருக்கிறது. அம்மா வற்புறுத்தியிருப்பாள், மாமியார் பக்கத்தில் நின்றிருப்பாள், பிள்ளைத்தாச்சி என்ன செய்வாள் பாவம் என்று பஸ்ஸிலிருந்து இது வரைக்கும் அவளுக்காக மனசு வாதாடிக்கொண்டே இருந்தது. வாதாடுகிற வக்கீலுக்கே நம்பிக்கை இல்லை. அந்த விரலுக்கு மருதாணி வைத்துவிட்டது யார். அதைப் பிடித்து அரிசியில் அ எழுத வைத்தது யார். அந்த விரலே தட்டியிருக்கிறது. அதைத் தொட்டுத் திறந்துவிட்டால் அப்புறம் தனக்கு என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் தொடவில்லை. அதனாலேயே தொட வேண்டும் போல விரல் துடித்தது.

கோயில் மணி அடித்தது. ஆஸ்பத்திரியில் ஏது மணி என்று ஒரு கணம் திகைத்தாள். அவர் போன். அவர் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட சத்தம், இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட அடிக்காதது. கையில் போன் நடுங்கிக்கொண்டு மணி அடித்தது. “அகல்யா, அந்தம்மாவுக்குப் போனு வருது பாரு, யாருன்னு பாத்துச் சொல்லு” என்றாள் மண்ணச்சநல்லூர் அம்மாள். மருமகள் எட்டிப் பார்த்தாள். “திலகான்னு வருதும்மா. எடுத்துத் தரட்டா?” மங்கை தலையாட்டினாள். அந்தப் பெண் அமுக்கிக் காதில் கொடுத்தாள். முதலில் மண்டபம்தான் கேட்டது. இலை போடுகிற சத்தம், யாரோ ரசம் கேட்கிறார்கள். அப்புறம் திலகா, ஊராரிடம் பேசுகிற டீச்சர் குரலில். “ஹலோ, யாருங்க பேசுறது? … ஹலோ? இது எங்க அத்தான் வச்சிருந்த நம்பருங்க. அவரு தவறிட்டாரு. இப்ப உங்களுக்குக் குடுத்துருக்காங்க போலருக்கு. ஸ்டேட்டஸ் பாத்த லிஸ்ட்ல அவரு பேரு வந்துச்சா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அதான் கேட்டுக்கலாம்னு … தப்பா நெனச்சுக்காதீங்க. அழிக்க மனசு வரல, அப்புடியே வச்சிருந்தேன்.” குரல் கடைசியில் லேசாக உடைந்தது. நிஜமாகவே உடைந்தது. அந்தக் குரலின் ஒவ்வொரு நெளிவும் மங்கைக்குத் தெரியும், நடிப்பில்லை. செத்தவரை அழிக்க மனசு வராதவள்தான் இருக்கிறவளை மறைத்திருக்கிறாள். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. பஸ்ஸில் ஏறினதிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை.

“புளிக்காய்ச்சல்ல உப்பு சரியா இருந்துச்சா திலகா?”

அந்தப் பக்கம் பின்னாலிருந்து, அம்மா இங்க வாயேன் என்று சிந்துவின் குரல் கூப்பிட்டது. வளையல் சத்தம், நிறைய வளையல் ஒன்றாகக் குலுங்குகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. வைத்துவிட்டாள். மங்கை போனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தாள். திரும்பக் கூப்பிடுவாள் என்று நினைத்தாள். அக்கா என்று ஒரு தடவை, வேறு ஒன்றும் வேண்டாம், பொய்யாக ஒரு காரணம், அவங்க வீட்ல ஒத்துக்கலக்கா என்று ஒரு வார்த்தை. உள்ளே யார் யார் பெயரையோ கூப்பிட்டார்கள். மண்ணச்சநல்லூர் அம்மாள் மங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கவில்லை.

“அகல்யா, ஸ்டேட்டஸ் பக்கம் போயி திலகான்னு வட்டம் இருக்கான்னு பாரும்மா” என்றாள் மங்கை. அந்தப் பெண் வாங்கித் தள்ளிப் பார்த்தாள். “திலகான்னு எதுவும் இல்லியேம்மா. அவங்க பேருல போட்டோகூட இல்ல, வெறும் பொம்மைதான் தெரியுது. பிளாக் பண்ணிட்டாங்க போல.” இரண்டு வருஷம் கழித்து, இன்றைக்குத்தான் அவரையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்தார். “கோகிலான்னு ஒண்ணு இருக்கும்மா. அப்புறம் சிந்துன்னு ஒண்ணு. இது இன்னும் தொறக்கல.” வேண்டாம் என்று சொல்லத்தான் மங்கை வாயெடுத்தாள். “அதத் தொற” என்றாள்.

“போட்டோம்மா. பழைய போட்டோ. ஒருத்தரு நிக்கிறாரு, அவரு தோள்ல சின்னப் பாப்பா. பின்னாடி தண்ணி, ஏதோ அணை மாதிரி இருக்கு. கீழ எழுதியிருக்காங்க, மிஸ் யூ பெரியப்பா, இன்னைக்கி நீங்க இருந்திருக்கணும்னு.” அகல்யா படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஓரத்துல வெட்டியிருக்காங்க போல. பக்கத்துல யாரோ நின்னுருக்காங்க, ஆளு இல்ல, கை மட்டும் தெரியுது. பாப்பா காலப் புடிச்சிருக்கு. செவப்பு வளையல் போட்ட கை. யாருதும்மா அது?”

மங்கைக்குத் திரையில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கையைத் தேடிப் பிடித்து, அவள் கட்டை விரலைத் திரைமேல் வைத்து அழுத்தினாள்.

“வெரல எடுக்காதம்மா,” என்றாள். “எடுத்தா போயிரும்.”